ரெகார்டு நோட்டில் 48 பேருக்கும் 3.4 செ.மீ.: பிள்ளைகளை எழுதவைப்பது யார் வேலை?

நெல்லைத் தாவரவியல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பதினொரு வருடமாகத் தாவரவியல் எடுக்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாம் வருட பி.எஸ்சி.க்கு கேனாங் பொட்டோமீட்டர் சோதனை. தெரியாதவர்களுக்காக: தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் ஒரு கிளையைக் கார்க்கோடு பொருத்த வேண்டும். இலை வழியாக நீராவி போகப் போக, கிளை தண்ணீரை இழுக்கும். நுனி பீக்கர் தண்ணீரில் நிற்கும் பக்கக் குழாயில் விட்ட காற்றுக் குமிழி அதனால் கிளைப் பக்கமாக நகரும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் என்று அளந்தால் சோதனை முடிந்தது.

எங்களிடம் இருப்பது நாலு. ஒன்று முனை உடைந்து ஷோகேஸில் இருக்கிறது. மீதி மூன்றிலும் அரளிக் கிளையைச் சொருகினோம். கார்க் பழசு, வாஸ்லின் டப்பாவில் சுரண்டக்கூட மிச்சமில்லை. ஒன்றில் கார்க் ஓரமாகக் காற்று புகுந்து குமிழி அசையவே இல்லை. இன்னொன்றில் மேலே இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தின் திருகு கசிந்து, குமிழி தலைகீழாக பீக்கர் பக்கம் போனது. மூன்றாவதில் மட்டும் பதினைந்து நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்.

வெள்ளிக்கிழமை 48 ரெகார்டு நோட்டும் மேஜைக்கு வந்தன. 48 பேருக்கும் குமிழி 3.4 செ.மீ. நகர்ந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்த 3.4 என்று தேட வேண்டியிருக்கவில்லை. 2019இல் படித்த ஒரு பிள்ளையின் ரெகார்டு பி.டி.எஃப். ஆகி, வருடா வருடம் வாட்ஸ்அப்பில் கை மாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை ஓரிடத்தில் ‘ட்ரான்ஸ்பிரேஷன்’ (நீராவிப்போக்கு) என்பதை ‘ட்ரான்ஸ்பரன்சி’ என்று எழுதிவிட்டாள். நானும் அன்றைக்குக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் 31 நோட்டுகளில் அரளிச்செடி ட்ரான்ஸ்பரன்சி செய்கிறது. மீதி 17 பேர் அதையாவது திருத்தி எழுதினார்களே என்று சந்தோஷப்பட்டேன். என் நிலைமை அப்படி.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. சோதனை நடந்த அன்று ராத்திரி ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “மேம், எங்க குமிழி பின்னாடிதான் போச்சு. மேல உள்ள திருகு வழியா தண்ணி இறங்குது போல. அது செடி இழுக்குறதவிட சாஸ்தியா இருந்தா குமிழி அந்தப் பக்கம்தான போகும்?” நாற்பது நொடி. கருவியின் கோளாறு, அதன் காரணம், அதிலிருந்து வரும் முடிவு, எல்லாம் அதில் இருந்தன. அதே மாணவியின் நோட்டைத் திறந்தால் 3.4 செ.மீ., ட்ரான்ஸ்பரன்சி.

யோசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. யோசித்ததை எழுத அந்த நோட்டில் இடமில்லை. எய்ம், அப்பரேட்டஸ், ப்ரொசீஜர், ரிசல்ட் என்று நாலு தலைப்பு. நாலுக்கும் பதில் போன வருடமே தயார்.

அசைன்மென்ட் கதையும் இதே கதைதான். இன்டர்னலில் அதற்குக் கொஞ்சம் மார்க். முன்பு விக்கிப்பீடியா, இப்போது சாட்ஜிபிடி. முன்பாவது தப்பும் தவறுமாக இருந்ததால் யார் எழுதியது என்று தெரியும்.

முதல்வரிடம் பேசினேன். “எழுத்து விஷயம்னா இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல கேளுங்க மேடம்” என்றார். அங்கே போனால் ஆளுக்கு அறுபது பேர் கொண்ட வகுப்புகள் நாலைந்து. அந்த மேடம் என்னைப் பார்த்த பார்வையிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். தாவரவியல் வாத்தியாராக இருந்துகொண்டு பிள்ளைகளை எழுதவைக்க நான் என்ன செய்ய முடியும்? பெரும்பாலோர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. 48 பேர், இரண்டு பேட்ச், எனக்கு இரண்டு கண். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ‘ஊக்குவியுங்கள்’ என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அது கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் கமிட்டி வரும்போது நாங்களே எழுதிக்கொள்வோம்.

---

மதுரை ரிட்டயர்டு இங்கிலீஷ்

அம்மா, நான் அந்த இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்காரன். முப்பத்து மூன்று வருடம் எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் பொதுவான பார்ட் டூ ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல்வர் சொன்னது ஏன் தப்பு என்பதற்கு என் அனுபவம் ஒன்று போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேதியியல் துறைத் தலைவர் என்னிடம் ஒரு கட்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்து, “தம்பி, மொழியை மட்டும் பார்த்துக் கொடுங்க” என்றார். நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சிவப்பு மையால் விளாசினேன். ஒரு பையன் பக்கத்துக்குப் பக்கம் ‘நார்மல் சொல்யூஷன்’ என்று எழுதியிருந்தான். இதென்ன கொச்சையாக இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் அடித்து ‘ஆர்டினரி சொல்யூஷன்’ ஆக்கினேன். அவர் அதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கரைசலின் செறிவுக்கு நார்மாலிட்டி என்று ஓர் அளவு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு துறையில் எது நல்ல வாக்கியம் என்று அந்தத் துறைக்காரருக்குத்தான் தெரியும். ‘வாஸ் அப்சர்வ்ட்’ என்று எங்கே எழுதலாம், ‘வாஸ் இன்ஃபர்ட்’ என்று எங்கே எழுத வேண்டும் என்பதை நான் இலக்கணமாக நடத்தினால் காதில் ஏறாது. குமிழி முன்னால் நிற்கும்போது நீங்கள் சொன்னால் ஏறும்.

அப்புறம், பிழை திருத்தத்தில் விழுந்துவிடாதீர்கள். அதில் விழுந்தவர்கள் எழுந்து நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற ஆசிரியர் 1983இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் செய்தது இவ்வளவுதான்: எழுத்துப் பிழை, ஒருமை பன்மைப் பிழை, நிறுத்தற்குறிப் பிழை எதையும் திருத்துவதில்லை. பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு டிக் போடுவார். இரண்டு பிழை என்றால் இரண்டு டிக். எது பிழை என்று மாணவரே தேடித் திருத்தி, வகுப்பிலேயே திருப்பித் தர வேண்டும். அதுவரை மார்க் கிடையாது. பாதிக்கு மேற்பட்ட பிழைகளை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். தெரியாமல் செய்த பிழையைவிடக் கவனிக்காமல் செய்த பிழைதான் அதிகம்.

நான் இதைக் கடைசி ஆறு வருடம் செய்தேன். முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. சிவப்புப் பேனா செலவும் மிச்சம்.

---

கோவை லேத்

மேடம், நான் மெக்கானிக்கல். கொஞ்சம் கசப்பாகப் பேசுவேன், மன்னிக்கவும்.

நீங்கள் எழுதவைத்து என்ன ஆகப் போகிறது? கடைசியில் பரீட்சைதானே முடிவு செய்கிறது. அண்ணா பல்கலைக்கழகத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. 13 மார்க் என்றால் நாலு பக்கம் என்று பையன்களே விலை வைத்திருக்கிறார்கள். பேப்பர் திருத்துகிறவர் படம் இருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா என்று பார்த்துப் பக்கத்தைத் திருப்புகிறார். நானும் அப்படித் திருத்தியவன்தான். ஒரு நாளைக்கு அத்தனை தாள் என்றால் வேறு எப்படித் திருத்துவது?

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இன்னும் மோசம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிமுறையில் 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று இருக்கிறது. ஆய்வேடுகளை மனதில் வைத்துச் செய்தது. எங்கள் கல்லூரியில் அதை பி.இ. ப்ராஜெக்டுக்கும் இழுத்துவிட்டார்கள். விளைவு? பையன்கள் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை, சதவீதத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். வார்த்தையை மாற்றிப் போடும் மென்பொருளில் கொடுத்து எடுக்கிறான். போன வருடம் என் மாணவன் ரிப்போர்ட்டில் ‘ஹீட் சிங்க்’ என்பது ‘வார்ம்த் பேசின்’ ஆகியிருந்தது. வைவாவில் “இது என்னப்பா?” என்றால் அவனுக்கும் தெரியவில்லை. சிரிக்காதீர்கள், அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே இது இருக்கிறது. 2021இல் பிரான்ஸிலும் ரஷ்யாவிலும் சிலர் இப்படிப்பட்டவற்றைத் தேடித் தொகுத்தார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ ஆகியிருக்கிறது, மார்பகப் புற்றுநோய் ‘பாஸம் பெரில்’ ஆகியிருக்கிறது.

திட்டி முடித்தாயிற்று. எனக்கு வேலைக்கு ஆன ஒன்றே ஒன்று: ரீடிங்கை லேபை விட்டு வெளியே போகும் முன்பே பேனாவால் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரெகார்டில் வரும் எண்ணும் கையெழுத்துப் போட்ட எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ரெகார்டு திரும்பிப் போகும். எழுத்து வளர்ந்ததா தெரியாது. பொய் குறைந்தது.

---

முன்னாள் ரெகார்டு ரைட்டர்

நான் வாத்தியார் இல்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, 2014 பேட்ச். ஹாஸ்டலில் ரெகார்டு ஒன்றுக்கு 250 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

மேடம், நாங்கள் ஏன் காப்பி அடித்தோம் என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முதல் வருடம் இரண்டாவது சோதனையில் எனக்கு டைட்ரேஷன் வேல்யூ தப்பாக வந்தது. வந்ததை எழுதிக் கொண்டுபோனேன். நோட்டில் ‘ரிபீட்’ என்று சிவப்பில் எழுதித் தூக்கிப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் சீனியர் வேல்யூவைப் போட்டான், அவனுக்கு ‘குட்’. எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சோம்பேறித்தனம் எல்லாம் அப்புறம் சேர்ந்துகொண்டதுதான்.

இப்போது மருந்து கம்பெனி ஒன்றில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) லேபில் இருக்கிறேன். இங்கே ஒயிட்னர் கையில் இருந்தாலே வேலை போய்விடும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி. ரிசல்ட் வழக்கத்துக்கு மாறாக வந்தால் என்ன நடந்தது, ஏன் என்று நினைக்கிறாய் என்று டீவியேஷன் ரிப்போர்ட் எழுத வேண்டும். முதல் ரிப்போர்ட்டை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. 46 பேருக்கு ரெகார்டு எழுதியவனுக்குத் தன் கையால் நடந்த ஒன்றை ஆறு வரி எழுதத் தெரியவில்லை.

உங்கள் மாணவி அனுப்பிய குரல் செய்தி இருக்கிறதே, அது அப்படியே ஒரு டீவியேஷன் ரிப்போர்ட்.

---

நெல்லைத் தாவரவியல்

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய நோட்டுகளில் எத்தனை ‘ரிபீட்’ போட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குறைவில்லை.

கோவை சார், கையெழுத்து யோசனையை எடுத்துக்கொள்கிறேன். மதுரை ஐயா, டிக் யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் முதலில் அவர்களே எழுதிய ஒரு வரி வேண்டுமே டிக் போட. 2019 பேட்ச் பிள்ளையின் பிழையை இந்த வருடப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

தமிழில் எழுதச் சொல்லலாமா என்பதுதான் இப்போது மனதில் ஓடுகிறது. ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் பரீட்சையை உள்ளூர் மொழியில் எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் யு.ஜி.சி.யே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் எங்கள் துறையில் சிலர், “அப்புறம் எம்.எஸ்சி.ல போய் முழிப்பாங்க” என்கிறார்கள். அதையும் தள்ளிவிட முடியவில்லை.

---

யாழ் ஆய்வுகூடம்

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பாடம் கற்பிக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வி எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் வருவது. இங்கே பிள்ளைகள் உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ போல) வரைக்கும் விஞ்ஞானத்தைத் தமிழில் படித்துவிட்டு வருவார்கள், நல்ல ஆழமாகவும் படித்திருப்பார்கள். நீங்கள் நீராவிப்போக்கு என்பது எங்களுக்கு ஆவியுயிர்ப்பு, சவ்வு வழியாக நீர் செறிவு கூடிய கரைசல் பக்கம் போகும் உங்கள் சவ்வூடு பரவல் எங்களுக்குப் பிரசாரணம். பல்கலைக்கழகத்துக்குள் வந்ததும் எல்லாம் ஆங்கிலம். பிரசாரணத்தை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தக்கூடிய பிள்ளை முதல் ஒப்படையில் (அசைன்மென்டில்) ‘வாட்டர் இஸ் கோயிங்’ என்று எழுதும்.

தமிழில் முதலில் எழுத விடுங்கள். பயப்பட வேண்டாம். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்க்க விடாதீர்கள், அங்கேதான் பிழைக்கிறது. எங்கள் பிள்ளை ஒன்றின் கொப்பியில் இருந்த வசனம் இது: ‘கிளையை நீருக்கடியில் வெட்டி, கருவியில் பொருத்தி, குமிழியை விட்டு, நேரத்தைக் குறித்து, அது நகர்ந்த தூரத்தை அளந்தோம்.’ தமிழில் ஒரு குறையும் இல்லை. வெட்டி, பொருத்தி, விட்டு, குறித்து என்று வினையெச்சம் தோளில் தோள் போட்டுக்கொண்டு போகும், கடைசியில் ஒரு வினைமுற்று வந்து எல்லாரையும் கரை சேர்க்கும். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் நாலு ‘ஆண்ட்’ போட்ட வசனம் வரும், எழுவாய் நடுவிலே காணாமல் போகும்.

நான் செய்விப்பது: தமிழ் வசனத்தில் ஒவ்வொரு வினையெச்சத்துக்குப் பிறகும் பென்சிலால் ஒரு சாய்கோடு. ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஆங்கில வசனம். ஒவ்வொன்றுக்கும் ‘யார், எது’ என்று கேட்டு எழுவாயைப் போடு. எல்லாம் குட்டி வசனமாக வரும், வரட்டும். பிறகு எந்த இரண்டைச் சேர்க்கலாம், ‘பிகாஸ்’ஆ ‘தேர்ஃபோர்’ஆ என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும். அந்த முடிவு விஞ்ஞானம்தானே ரீச்சர், ஆங்கிலம் இல்லையே.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புகளில் சிங்கள மாணவர்களும் இருக்கிறார்கள். கலந்த குழுவில் தமிழில் முதலில் எழுது என்றால் அவர்கள் வெளியே நிற்பார்கள். அங்கே ஆளுக்கு ஆள் தன் மொழியில் இரண்டு நிமிடம் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் பேசிச் சேர்ப்பது என்று வைத்திருக்கிறேன். சத்தமாக இருக்கும். அது பரவாயில்லை.

---

பனிக்காட்டு டி.ஏ.

அக்கா, நான் அமெரிக்காவில் நடுமேற்குப் பக்கம் பி.எச்டி. செய்துகொண்டு உயிரியல் லேபுக்கு டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்) வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விருதுநகர், உங்களை மாதிரி ஒரு கல்லூரியில் படித்தவள்தான்.

இங்கே இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ‘ரைட்டிங் அக்ராஸ் த கரிகுலம்’. 1970 வாக்கில் அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரியில் பார்பரா வால்வோர்ட் என்ற ஆங்கில ஆசிரியை மற்றத் துறை ஆசிரியர்களைக் கூட்டி உட்கார்ந்து பேசியதைத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். 1977 வாக்கில் மிச்சிகன் டெக் பொறியியல்காரர்களும் இறங்கினார்கள், கோவை அண்ணா கவனிக்கவும். எழுத்துக்கு முக்கியத்துவம் தரும் பாடம் என்று தனியாக முத்திரை குத்தி, வகுப்பில் சுமார் இருபது பேர், வரைவு, திருத்தம், மறுபடி வரைவு என்று நடத்துகிறார்கள். இருபது பேர்! அதனால் முழுசாக எடுத்துக்கொண்டு வர முடியாது என்று தெரியும்.

ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு வரலாம். வகுப்பு முடியும் முன் அரைத் தாளில் இரண்டு நிமிடம்: இன்றைக்கு முக்கியமாக என்ன கற்றுக்கொண்டாய், எது இன்னும் புரியவில்லை? இது 1980களில் பெர்க்கிலியில் ஓர் இயற்பியல் பேராசிரியர் பெரிய வகுப்புக்காகவே செய்துபார்த்தது. மார்க் கிடையாது, திருத்தமும் கிடையாது. லேபில் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: “இன்றைக்கு எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை?”

48 தாளையும் படிக்காதீர்கள் அக்கா. பத்து எடுங்கள். அடுத்த வகுப்பில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள், மீதிப் பேருக்கு அதுவே போதும்.

---

நெல்லைத் தாவரவியல் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், செய்துவிட்டு வந்து சொல்லலாம் என்றிருந்தேன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு அரைத் தாள். லேபிலேயே, கண்ணாடிச் சாமான் கழுவுவதற்கு முன்பே. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், எது சரியாக வரவில்லை, ஏன் என்று நினைக்கிறோம். எந்த மொழியிலும் எழுதலாம், கலந்தும் எழுதலாம். பேனாவில்தான். தப்பானால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி (மருந்து கம்பெனித் தம்பி உபயம்). லேபில் நின்று எழுதுவதால் சாட்ஜிபிடிக்கு வேலை இல்லை. பேட்சுக்கு எட்டுத் தாள், இரண்டு பேட்சுக்குப் பதினாறு. முக்கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். பிள்ளைகள் இதற்கு ‘புலம்பல் பேப்பர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் வாரம் படுதோல்வி. பதினாறில் பதின்மூன்றில் ‘சோதனை நன்றாக நடந்தது’ என்று இருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் பழைய வழிக்கே போயிருப்பேன். அந்தக் குரல் செய்தி அனுப்பிய பிள்ளையிடம் அனுமதி வாங்கி, அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன், ‘சாஸ்தியா’ உட்பட. எழுதியது யார் என்று சொல்லவில்லை, ஆனால் அவள் காது சிவந்ததில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “இதுக்கு நான் நூத்துக்கு நூறு போடுவேன்” என்றேன். நம்பவில்லை. “சோதனை ஃபெயிலாயிட்டே மேம்?” என்றான் ஒரு பையன்.

மூன்றாவது வாரம் உருளைக்கிழங்கு. கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குழி தோண்டி, உள்ளே சர்க்கரைக் கரைசல், வெளியே தண்ணீர். உள்ளே இருக்கும் மட்டத்தில் ஒரு குண்டூசி. தண்ணீர் உள்ளே வந்து மட்டம் ஊசிக்கு மேலே ஏற வேண்டும். ஒரு குழுவுக்கு மட்டும் இறங்கியது. அவர்கள் தாளை அப்படியே தருகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் சரிசெய்திருக்கிறேன்:

‘அரை மணி நேரத்தில் மட்டம் ஊசிக்குக் கீழே போய்விட்டது. முதலில் கிழங்கில் ஓட்டை என்று நினைத்தோம். துடைத்துப் பார்த்தோம், ஓட்டை இல்லை. கிழங்கு கொஞ்சம் தொளதொள என்று ஆகியிருந்தது. மற்ற குழுவின் கிழங்கு விறைப்பாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து பீக்கரில் இருந்ததை நக்கிப் பார்த்தோம். இனிப்பு. மாற்றி ஊற்றிவிட்டோம். அதனால் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. சோதனை தப்பு, ஆனால் சவ்வூடு பரவல் சரி.’

கடைசி வரியைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் சத்தமாகவே சிரித்தேன். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் திட்டு விழுந்தது, அது வேறு.

இதே தாளை வைத்துத்தான் யாழ் சார் சொன்ன சாய்கோட்டைப் போட்டோம். ‘துடைத்துப் பார்த்தோம்’ என்பதில் பார்த்தது என்ன என்று பெரிய விவாதம். ஆங்கிலத்தில் ‘வீ வைப்ட் அண்ட் ஸா’ என்று ஒருத்தி எழுத, அதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லையே, சோதித்துப் பார்ப்பதுதானே அது என்று இன்னொருத்தி சண்டை. ‘செக்ட்’ என்று முடிந்தது. இரண்டு மணி நேர லேபில் இருபது நிமிடம் இதற்கே போனது. ஒவ்வொரு வாரமும் முடியாது, மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். டிக் போடுவது அந்த ஆங்கிலப் பத்திக்கு மட்டும். மதுரை ஐயா, நீங்கள் சொன்ன கணக்கு இங்கும் ஓரளவு சரியாக வருகிறது. ஒருமை பன்மையை அவர்களே பிடித்துவிடுகிறார்கள். ‘த’ எங்கே போடுவது என்பது மட்டும் அவர்களுக்கும் வரவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று இல்லை. நாலு குழுவில் ஒருத்தர் எழுத இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். எழுதுகிற ஆளை வாரா வாரம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அசைன்மென்டை ஒன்றும் செய்ய முடியவில்லை, அது இன்னமும் சாட்ஜிபிடி கையில்தான் இருக்கிறது.

ரெகார்டை விட முடியாது, ஏப்ரலில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவார், அவருக்கு எய்ம், அப்பரேட்டஸ் எல்லாம் வேண்டும். அதனால் வலது பக்கம் வழக்கம்போல எழுதச் சொன்னேன். இடது பக்கம் படம் வரையக் கோடு போடாத வெற்றுப் பக்கம் இருக்குமே, அங்கே படத்துக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாகத்தான் கிடக்கும். அதில் புலம்பலில் இருந்து நாலு வரி. லேபில் கையெழுத்துப் போட்ட எண்ணும் அங்கேதான். துறைத்தலைவர் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, “இது என்ன மேடம், தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு, எக்ஸ்டர்னல் கேட்டா?” என்றார். “படிச்சுப் பாருங்க சார்” என்றேன். உருளைக்கிழங்குப் பக்கம். நின்றபடியே படித்தார். ஒன்றும் சொல்லாமல் நோட்டை வைத்துவிட்டுப் போனார். அது சம்மதமா இல்லையா என்று ஏப்ரலில் தெரியும்.

அப்புறம், வாஸ்லின் வாங்கிவிட்டோம், பெரிய டப்பா. கார்க்கும் புதுசு. போன வியாழக்கிழமை பொட்டோமீட்டரைத் திரும்பவும் வைத்தோம். குமிழி மூன்றிலும் ஓடியது. 1.9 வந்தது, 2.6 வந்தது, ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தவர்களுக்கு 4க்கு மேல் வந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் சரியாக 3.4. பாவம், குழாயைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். “நீங்களே பாருங்க மேம், நெஜமாவே 3.4 மேம்.”